மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகு வீட்டை மீண்டும் நடத்துவது எப்படி

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. 2021ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு விடியற்காலை, பால் பொங்கித் தீய்ந்த நாற்றத்தில் விழித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என் மனைவி சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை ஈரத்துணி போல மடியில் கிடந்தது. என்னைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றாள், வாய் ஒரு பக்கம் கோணியதே தவிர சொல் வரவில்லை. அவளுக்கு அப்போது 46 வயது. மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ரத்த அழுத்த மாத்திரை தலையைச் சுற்றவைக்கிறது என்று மூன்று மாதங்களாக அவள் அதை விழுங்காமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள் என்பது, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அதற்குப் பிறகு செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். கணவனோ மனைவியோ இப்படி ஒரு நோயில் விழுந்து, உயிர் தப்பி வீடு திரும்பும் நாளை எதிர்பார்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பேசுவது பக்கவாதத்தைப் பற்றி. தலைக்காயம், முதுகுத்தண்டுக் காயம் போன்றவற்றுக்கும் வீட்டு ஏற்பாடுகளில் பெரும்பகுதி பொருந்தும், மருத்துவ விவரங்கள் பொருந்தா.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதங்கள் நான் மிக நல்ல நர்ஸாக இருந்தேன், தெருவே மெச்சியது. அந்த ஆறு மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு முடிவுகூட அவளைக் கேட்டு எடுக்கப்படவில்லை. அதைத் திருத்தத் தொடங்கிய பிறகே எங்கள் குடும்பம் மறுபடி குடும்பமாக நடந்தது என்பதால், கீழே சொல்லும் ஏற்பாடுகள் அனைத்தையும் அந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்

டிஸ்சார்ஜ் என்று சொன்னவுடன் பில் கட்டும் வரிசைக்கு ஓடாதீர்கள். அதற்கு மூன்று நான்கு நாள்கள் முன்பிருந்தே, நர்ஸ் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு அவர் பார்க்க நீங்களே செய்து பழகிக்கொள்ள வேண்டும்: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, மூக்குக் குழாய் வழியாக உணவு செலுத்துவது, சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. எந்த மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு, எது ரத்தம் உறையாமலிருக்க, எது கொழுப்புக்கு என்று அட்டைக்கு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்து நகல் எடுத்து வைத்தால் நல்லது. வங்கி, காப்பீடு, சான்றிதழ் என்று எந்தப் படியேறினாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வீட்டில் கட்டிலின் உயரம் முக்கியம். நோயாளி ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். எங்கள் பழைய தேக்குக் கட்டிலின் கால்களை ஆசாரியை அழைத்து நான்கு அங்குலம் அறுக்கச் சொன்னேன். மாமனார் சீராகக் கொடுத்த கட்டில் என்று வீட்டில் சிலருக்கு வருத்தம். நடக்கும் வழியில் கால்மிதி, பாய், மின்சார ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. தரைக் கழிப்பறை உள்ள வீடுகளில் நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி போதும்; கைப்பிடிக் கம்பியை மட்டும் அவருடைய வலுவுள்ள கைப்பக்கமாகச் சுவரில் பதியுங்கள். ஏர் பெட், வீல்சேர், வாக்கர் ஆகியவற்றை வாடகைக்கு எடுங்கள். முதல் சில மாதங்களில் தேவை மாறிக்கொண்டே இருக்கும். நான் அவசரப்பட்டு வாங்கிய வீல்சேரில் இப்போது வடகம் காய்கிறது.

மண்டியில் நாள்வழி எழுதுவது போல ஒரு நோட்டுப் போடுங்கள். நேரம், எந்தப் பக்கம் படுத்தார், என்ன உண்டார், சிறுநீர் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஐந்து பத்திகள் போதும். அசைய முடியாதவரை இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பதைக் கேட்கும்போது எளிதாகத் தோன்றும். அலாரமும் நோட்டும் இல்லாமல் யாராலும் அதைச் செய்ய முடியாது. இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு அசந்து தூங்கிவிட்டேன். காலையில் அவளுடைய முதுகின் அடியெலும்பு மேல் ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தும் அந்தச் சிவப்பு மங்கவில்லை. படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான். தோல் கிழிவதற்குள் பார்த்துவிட்டதால் பத்து நாளில் ஆறியது.

உடலைக் கையாளும் விதம்

வாதம் விழுந்த கையைப் பிடித்து இழுத்து ஒருபோதும் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கூடாது. தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்துபோயிருப்பதால் மூட்டு கிண்ணத்திலிருந்து நழுவும், அந்த வலி பல மாதங்கள் நிற்கும். பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் பாசத்தில் அந்தக் கையைப் பற்றி உயர்த்திய நாளில் என் மனைவி அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். உடுத்தும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். சேலை கட்டிப் பழகியவளுக்கு நைட்டி ஒரு சிறுமையாகத் தோன்றியது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. பிறகு முன்பக்கம் திறக்கும் ரவிக்கையில் கொக்கிகளை எடுத்துவிட்டு ஒட்டும் பட்டை தைத்துக் கொடுத்தார் தெருமுனைத் தையல்காரர்; பாவாடையோடு சேர்த்து மடிப்பு வைத்துத் தைத்த சேலையையும் அவரே செய்து தந்தார்.

விழுங்குவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. நாம் பரிவோடு முதலில் கொடுப்பது தண்ணீரை. பக்கவாத நோயாளிக்கு அதிகம் புரையேறுவதும் தண்ணீர்தான், ஏனெனில் அது தொண்டைக்கு அவகாசம் தராமல் ஓடிவிடும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். விழுங்கும் திறனைச் சோதித்து மருத்துவர் அனுமதித்த பிறகே வாய்வழி உணவு. குழையப் பிசைந்த சோறு, கெட்டியான கஞ்சி, மசித்த இட்லி என்று தொடங்கலாம். முதுகு நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுங்கள், உண்டபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். இருமல் இல்லாமலேயே உணவு தவறான பாதையில் போவதுண்டு. சாப்பிட்ட பிறகு குரல் நீரில் நனைந்தது போலக் கரகரத்தால் அதையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

பிசியோதெரபியை நாள் நட்சத்திரம் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை ஓரளவு தொடரும், அதன்பின் மெதுவாகும். மெதுவாகும் என்பதற்கு நின்றுவிடும் என்று பொருள் இல்லை. என் மனைவியின் வலது கட்டைவிரல் மூன்றாம் ஆண்டில்தான் அசைந்தது. தனியார் பிசியோதெரபிஸ்டை நாள்தோறும் அழைக்கப் பண வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வராத நாள்களில், கற்றுக்கொடுத்த அசைவுகளை நீங்கள் செய்யவைக்க வேண்டும்.

புறா ரத்தம் தடவச் சொன்னவர்கள் எங்களுக்கும் இருந்தார்கள். இளஞ்சூட்டு எண்ணெயை மென்மையாகத் தேய்ப்பதில் பழுதில்லை. வலுவாக முறுக்கித் தேய்ப்பதும், மூலிகை எடுக்கும்போது ஆங்கில மருந்தை நிறுத்து என்று சொல்வதும்தான் கெடுதி. மாத்திரையை நிறுத்தியதால்தானே எங்கள் கதை தொடங்கியது.

பேச்சு

பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று ஊர் எடுத்துக்கொள்கிறது. காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கக் கத்துகிறார்கள். குழந்தையிடம் கொஞ்சுவது போலக் கொஞ்சுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தில் இயங்குகிறது. அங்கே அடைப்பு ஏற்பட்டால் வலது கை காலோடு சொல்லும் தடைப்படும். இதை அஃபேசியா என்கிறார்கள். சிலருக்குப் பிறர் சொல்வது புரிவதே கடினமாகும். வேறு சிலருக்கு, என் மனைவியைப் போல, பெரும்பாலும் புரியும், என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும், அந்தச் சொல் மட்டும் வாசல்வரை வந்து நின்றுவிடும்.

ஆகவே டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு முடித்துக் கொடுத்தால் அவர் முயல்வதை விட்டுவிடுவார். ஆம், இல்லை என்ற தலையசைப்பையும் உடனே நம்பிவிட வேண்டாம். இந்த நோயில் இரண்டும் இடம் மாறி வரும். "மதுரைக்குப் போகலாமா?" என்று கேட்டுத் தலையசைத்தால், சற்றுப் பொறுத்து "வீட்டிலேயே இருக்கலாமா?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு விடைகளும் பொருந்தினால்தான் அது விடை.

விந்தை என்னவென்றால், யோசித்துச் சொல்ல வேண்டிய சொல் வராதபோதும், பழக்கத்தில் வரும் சொற்கள் வந்துவிடும். எண்கள், கிழமைகள், திட்டுகள் எல்லாம் அந்த வகை. ஏழு வாரம் ஒரு சொல்லும் பேசாதிருந்த என் மனைவி முதன்முதலில் தெளிவாகச் சொன்னது, பால் பாத்திரத்தில் வாய் வைத்த பூனையைப் பார்த்து, "சனியனே" என்பது. நாங்கள் எல்லோரும் அழுதோம், பூனை மட்டும் குடித்தது. இந்த வழியை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். எத்தனை இட்லி வேண்டும் என்று கேட்டால் அவளால் "மூன்று" என்று சொல்ல முடியாது. நான் "ஒன்று" என்று தொடங்கிவைத்தால் "ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். சொல்லை இழுத்து, ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிச் சொல்லவைப்பதும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் ஒரு முறைதான். "தண்ணீர்" எங்கள் வீட்டில் அப்படித்தான் திரும்பி வந்தது.

படம் போட்ட அட்டைகளை வாங்கி வந்தேன். ஆப்பிளும் விமானமும் அவளுக்கு அலுத்துப்போயின. பிறகு ஒருநாள் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து மடிக்கருகில் வைத்தேன். எனக்கு எது சீரகம் எது சோம்பு என்று தெரியாது என்பது அவளுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். நான் வேண்டுமென்றே தவறாகச் சொல்ல, அவள் தலையை ஆட்டி, இடது கையால் ஒரு சிட்டிகை எடுத்து என் மூக்கருகில் பிடித்து, உதட்டைக் குவித்து, கடைசியில் "சீ... ர..." என்றாள். அட்டைகளால் ஆகாதது அந்தப் பெட்டியால் ஆயிற்று. உங்கள் துணைவர் லாரி ஓட்டியவராக இருந்தால் ஸ்பேனர்களை எடுத்து வையுங்கள், விவசாயி என்றால் விதைகளை.

பணமும் காகிதமும்

நோய் யாரைத் தாக்குகிறதோ அவரோடு சேர்ந்து வீட்டின் பாதிக் கணக்கும் வாயடைத்துப்போகும். சம்பாதித்தவன் நான், ஆனால் எரிவாயு இணைப்பு அவள் பெயரில், குடும்ப அட்டையில் தலைவி அவள், நகைச் சேமிப்புச் சீட்டு அவள் பெயரில், வங்கியின் ஓடிபி வருவதும் அவளுடைய செல்போனுக்கு. அந்தப் போனின் பூட்டைத் திறக்கும் கோடு யாருக்கும் தெரியவில்லை. கடைக்கு எடுத்துப்போய் அழித்துத் திறக்க இருந்தேன். மகள்தான் போனை அவளுடைய இடது கையில் வைத்தாள்; பெயர் சொல்ல வராதவள், விரலால் ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டுத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு பெண்கள் தனித்தனியே வந்தார்கள். மகளிர் குழுக் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி என்றார் ஒருவர். கைமாற்றாகப் பத்தாயிரம் வாங்கியிருந்தார் என்றார் மற்றவர். இருவரையும் அவள் முன்னாலேயே உட்காரவைத்துக் கேட்டேன். முதலாமவருக்குத் தலையை அசைத்து, இடது கையில் ஐந்து விரலும் பிறகு நான்கும் காட்டினாள். இரண்டாமவரைப் பார்த்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பெண் வரவில்லை. கணக்கை அறிந்தவர் படுக்கையில் இருக்கும்போது கணக்கை அவரிடமே கேட்க வேண்டும் என்று அன்று விளங்கியது.

வங்கியில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். நோயுற்ற வாடிக்கையாளர் கையெழுத்திட முடியாத நிலையில் பெருவிரல் ரேகையை, அதுவும் இயலாதபோது கால்விரல் ரேகையை ஏற்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை அளிக்க வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முதல் வாய்ப்பிலேயே கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, இருவரில் எவரும் இயக்கலாம் என்று மாற்றிவிடுங்கள்.

பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்வார்கள். எழுதிக்கொடுப்பவர் தான் செய்வதைப் புரிந்து செய்கிற நிலையில் இருந்தால்தான் அது செல்லும். மனநிலைத் திறன் போய்விட்டால் முன்பு கொடுத்த பவரும் முடிந்துபோகும். நினைவே திரும்பாமல் படுத்திருப்பவரின் சொத்தை விற்க மனைவிக்கோ கணவனுக்கோ தானாக உரிமை வருவதில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். கோமாவில் இருப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததால் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் நெறிமுறைகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப் படுத்திருந்த ஒருவரின் மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது. இந்தப் படியேற வேண்டியிருந்தால், நகையை அடகு வைத்துத் தீர்ந்த பிறகு போகாமல், முதல் மாதத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குவதில் பலருக்குக் கூச்சம். எனக்கும் இருந்தது; அவளுக்கு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு எல்லை. நோய் வந்து ஆறு மாதம் கழிந்து, நிலைமை ஓரளவு நிலைத்த பின்பே மதிப்பிடுவார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பழைய வருமான வரி முறையில் கணக்குக் காட்டுபவர்கள், சார்ந்திருக்கும் துணைவருக்காக 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

நோயுற்றவர் அரசு ஊழியராக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்கிறது, பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அதை அறியாமல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உறவினர்கள்

மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும் பார்க்க வரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டினோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள், கோபம் ஆறிவிட்டது. "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்" என்பவரிடம் அந்த இடத்திலேயே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அவளோடு இருங்கள், அல்லது மாதத்தின் முதல் வாரம் மாத்திரை வாங்கி வாருங்கள் என்று. நாளும் மணியும் சொல்லப்பட்ட உதவிதான் கிடைக்கிறது.

ஆறு மாதம் முடிந்ததும், எனக்கு 51 வயதுதான் என்றும், வீட்டுக்கு ஒரு பெண் வேண்டும் என்றும், என் சொந்தத்தில் ஒரு பெரியவர் மறுமணப் பேச்செடுத்தார். அவள் அடுத்த அறையில் இருந்தாள். எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. படுத்தது நானாக இருந்திருந்தால் அவளிடம் இந்தப் பேச்சை எடுக்க எவருக்கும் நாக்கு வந்திருக்காது. அப்படிப் பேசுகிறவர்களை உடனே, நோயுற்றவர் காதில் விழும்படியாக மறுத்துச் சொல்லுங்கள். பிறகு தனியே சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்துவிட்டேன். அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை.

வேலையைத் திருப்பிக் கொடுத்தல்

அந்த மூன்று நாளுக்குப் பிறகுதான், முன்பு சொன்ன தவறு எனக்கு உறைத்தது. மருத்துவரிடம் போனோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது, அதற்கு மருந்து உண்டு, அந்தச் சோர்வு பிசியோதெரபியின் பயனையும் கெடுக்கும் என்று அவர் விளக்கினார். காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும் வேறு. அது மூளையின் கட்டுப்பாடு தளர்வதால் வருவது, அப்போது பேச்சை மாற்றினாலே நிற்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தபின் அவர் என்னிடம் கேட்டது, "வீட்டில் இவங்களுக்கு என்ன வேலை?" என்பது. என்னிடம் விடை இல்லை.

அன்று மாலையே ரசத்தில் உப்புப் பார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். கரண்டியில் கொஞ்சம் ஆறவைத்துக் கொண்டுபோவேன். அவள் சொல்லாமல் இறக்குவதில்லை. வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பாருங்கள்: அது உண்மையில் வீட்டுக்கு வேண்டிய வேலையாக இருக்க வேண்டும், ஒரு கையால் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும், அவர் செய்யாவிட்டால் அது செய்யப்படாமலே கிடக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் கடினம். பால் அட்டையில் அன்றன்றைக்குக் கோடு போடுவதை அவளிடம் விட்டேன். ஒருநாள் மறந்தாள், நான் போட்டுவிடாமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் இரண்டு கோடு போட்டாள்.

அவரைக்காய் ஆய்வது, கீரை கிள்ளுவது, துணி மடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கூடின. காய் நழுவாமலிருக்கப் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்து, பலகையில் இரண்டு துரு ஏறாத ஆணி அடித்து, ஆணியில் காயைக் குத்தி நிறுத்தி இடது கையால் நறுக்குகிறாள். நேரம் மும்மடங்கு ஆகும். குழம்பு ஒன்பது மணிக்குப் பதில் பதினோரு மணிக்கு ஆகட்டும். மகளின் கல்லூரி எது என்பதையும் இரண்டு விண்ணப்பங்களை அவள் முன் வைத்துக் கேட்டோம். நான் விரும்பாததன் மேல் கையை வைத்தாள். அங்கேதான் சேர்த்தோம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு

வேலையை விட்டுவிடாதீர்கள், வேறு வழியில்லாவிட்டால் நேரத்தைக் குறைத்துக் கேளுங்கள். மண்டி முதலாளி என்னைக் காலை பத்திலிருந்து மூன்று மணிவரை வரச் சொன்னார், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, ஆனால் மிளகாய் நெடியும் மனிதர்களின் சத்தமும் நிறைந்த அந்த ஐந்து மணி நேரம்தான் என்னைப் பைத்தியமாகாமல் காத்தது. தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். தொடர்ந்து தூக்கம் வராமல், அவர் மேலேயே எரிச்சல் வந்து, ஓங்கிய கையைக் கீழே இறக்கும் நிலை வந்தால் வெட்கப்படாமல் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் தானாகச் சொல்வதில்லை. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்து உடல் நிலைத்த பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தடை இருப்பதில்லை. உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்பாக ஒரே அறையில் படுப்பதைத் திரும்பத் தொடங்குங்கள். துடைக்கவும் மாற்றவும் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்த கைகள் வேறு எதற்காகவும் தொடுவதை மறந்துபோகின்றன. நான் அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். முதல் பின்னலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் மறுபடி "சனியனே" என்றாள்.

கதவருகே ஒரு பை

ஒருமுறை வந்த பக்கவாதம் மறுமுறையும் வரலாம். உப்பையும் ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்து, புகையிலையை அறவே விட்டு, மாத்திரையை விடாமல் இருந்தால் வாய்ப்புக் குறையும். எங்கள் வீட்டுக் கதவருகே ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்குகிறது. அதில் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைப் பட்டியல், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, கொஞ்சம் பணம், ஒரு பேனா. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு மேலும் குழறினாலோ முதலில் அந்தப் பேனாவால் மணியைக் குறிக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், யாருக்குப் போடலாம் என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அதனால் 108ஐ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லி, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவள் ஏழு அறை மாத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக நிரப்புகிறாள். நான் எதிரே உட்கார்ந்து சரிபார்க்கிறேன். நிரப்பி முடித்ததும் என் ரத்த அழுத்த மாத்திரை அட்டையையும் கேட்டு வாங்கி, எத்தனை குறைந்திருக்கிறது என்று "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறாள்.